சிமுலேட்டரில் ஏ320 நியோ: கட்டுநாயக்கவிலிருந்து சாங்கிக்கு முதல் பறப்பு

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கி ஏறத்தாழ 1,480 கடல் மைல்; மூன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. மைக்ரோசொஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும் ஃப்ளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ320 நியோவும் போதும். யூபிஎஸ் இருந்தால் நல்லது. சுமத்ராவுக்குக் கிட்டப் போய்ச் சேரும்போது கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்துதான்.

வேறெதையும் தொடுவதற்கு முன் த்ரொட்டிலை (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்) சரிசெய்யுங்கள். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஏர்பஸ் லீவர் ஐடில் (மிகக் குறைந்த விசை), கிளைம்ப் (ஏறும் விசை), ஃப்ளெக்ஸ் (குறைத்த புறப்பாட்டு விசை), டோகா (முழு விசை) என்று குறித்த இடங்களில் நிற்க வேண்டும். காக்பிட் டெப்லட்டில் த்ரொட்டில் கலிப்ரேஷன் (அளவு சரிசெய்யும்) பக்கத்தைத் திறந்து, லீவரை ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திப் பதியுங்கள். இரு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள். மலிவான ஜாய்ஸ்டிக்கின் அளவு நிலையாக நிற்காது; இடம் விடாவிட்டால் லீவர் கிளைம்பிலிருந்து நழுவி, விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஓட்டோ த்ரஸ்ட் சொன்னபடி கேட்காது.

சிம்பிரீஃப் என்ற இணையத்தளத்தில் பறப்புத் திட்டம் எடுங்கள். பயணத்துக்குச் சுமார் 8 டன், ஒதுக்கோடு 11 டன் அளவில் எரிபொருள் வரும். கிழக்கே போவதால் உயரம் 33,000, 35,000, 37,000 அடி என்று ஒற்றைப்படை ஆயிரங்களில் இருக்க வேண்டும், 35,000 எடுங்கள்.

பற்றரி, ஏபியூ (தரையில் மின்சாரம் தரும் சிறு என்ஜின்) இரண்டையும் போடுங்கள், பிறகு மூன்று ஏடிஐஆர்எஸ் (விமானத்தின் இடத்தையும் திசையையும் அறியும் கருவி) சுவிட்சும் 'நேவ்'. அவை சீராகும்வரை விமானத்தை நகர்த்த வேண்டாம். எம்சிடியூவில் (விமானக் கணினிக்கு விவரம் கொடுக்கும் திரையும் விசைகளும்) விசிபிஐ/டபிள்யூஎஸ்எஸ்எஸ் (கட்டுநாயக்க, சாங்கிக் குறியீடுகள்), பாதை, எடை, வி1, விஆர், வி2 என்ற புறப்பாட்டு வேகங்கள், ஃப்ளெக்ஸ் வெப்பநிலை (எவ்வளவு விசை குறைப்பது என்று சொல்லும் எண்) எல்லாம் பதியுங்கள். பாதையில் 'டிஸ்கன்டினியூட்டி' என்று வெட்டுப்பட்டிருந்தால் அழித்துவிடுங்கள்; விட்டால் அந்த இடத்தோடு விமானம் பாதையை விட்டுவிடும்.

காற்றைப் பார்த்து ஓடுபாதை 04 அல்லது 22. ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்கத் தட்டு) 1, ஸ்பொய்லர் (இறக்கை மேல் எழும் தட்டு) ஆர்ம், அதாவது தயார் நிலை, ஓட்டோபிரேக் மெக்ஸ். என்ஜின் 50 சதவீதத்துக்கு வரும் அளவில் லீவரை நிறுத்தி, இரண்டு என்ஜினும் சமமானதும் ஃப்ளெக்ஸுக்குத் தள்ளுங்கள். ஏறியபின் திரையில் 'எல்விஆர் சிஎல்பி' (லீவரைக் கிளைம்பில் வை) என்று மினுங்கும். உடனே கிளைம்புக்கு இழுங்கள். மேலே பெரிதாக வேலையில்லை, தேத்தண்ணி குடிக்கலாம்.

இறங்கும் இடம் வந்தாலும் ஏர்பஸ் தானாக இறங்காது. உயரக் குமிழைக் குறைத்துவிட்டு, அதை உள்ளே அழுத்த வேண்டும். எவ்வளவு தூரத்தில் இறங்கத் தொடங்குவது என்ற கணக்கு எளிது: இறங்க வேண்டிய ஆயிரம் அடிகள் பெருக்கல் மூன்று. 35,000 அடிக்கு 105 கடல் மைல். வேகம் குறைக்க இன்னும் 15 மைல் சேருங்கள். உயரமானியில் க்யூஎன்எச் (அந்த இடத்துக் காற்றழுத்த அளவு) மாற்றாவிட்டால் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 30 அடி பிழைக்கும்.

எம்சிடியூவின் 'பேர்ஃப்' பக்கத்தில் அப்ரோச்சை (இறங்கும் கட்டம்) இயக்கி, ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ சமிக்ஞை) சரிவை எப்போதும் கீழிருந்தே பிடியுங்கள். மேலிருந்து துரத்தினால் வேகம் குறையாது, ஃப்ளாப்பும் போட முடியாது. ஃப்ளாப் ஃபுல், கியர் கீழே. 20 அடியில் 'ரிடார்ட்' (விசையைக் குறை) என்று குரல் வரும். லீவர் ஐடிலுக்கு வர வேண்டும். கிளைம்பிலேயே விட்டால் சக்கரம் தொட்டாலும் ஸ்பொய்லர் திறக்காது, விமானம் மிதந்துகொண்டே ஓடுபாதையைத் தின்றுவிடும். ரிவேர்ஸை (என்ஜினின் பின்னோக்கு விசை) 70 நொட்டில் ஐடிலுக்குக் குறையுங்கள். மீதியை பிரேக் பார்த்துக்கொள்ளும்.