தோட்டத்து ஊரில் கிறிஸ்துமஸ்: குளிர்நாட்டிலிருந்து வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

லண்டனிலிருந்தோ டொரோண்டோவிலிருந்தோ வேலைக்காக மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து ஊருக்குக் குடிவருகிறவர்கள், "இந்த வருஷம் நமக்குக் கோடைக்கால கிறிஸ்துமஸ்" என்று சொல்லிக்கொள்வார்கள். பாதித் தவறுகள் இந்த நினைப்பிலிருந்துதான் வருகின்றன. டிசம்பரில் கோடை என்பது சிட்னிக்குச் சரி. நிலநடுக்கோட்டை ஒட்டிய மலேசியாவில் வெயில் வருஷம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். டிசம்பர் இங்கே மழைக்காலம். கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளமே வரும். பேராக்கில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் பகலில் 32 டிகிரி காய்ந்துவிட்டு, மாலையில் இடியோடு கொட்டும். வாசலில் மேசை போட்டு விருந்து வைக்க நினைத்தால் கூடாரத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கனடாவிலிருந்து வருகிறவர்கள் அலங்கார விளக்குகளைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வரவே வேண்டாம். அவை 120 வோல்ட்டுக்குச் செய்தவை, இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அடாப்டர் போட்டால் பிளக் பொருந்தும், வோல்டேஜ் மாறாது. பெரும்பாலும் போட்ட உடனே புகைந்துவிடும். லண்டன்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, பிளக் கூட அதேதான். வெளியே தொங்கவிடுவதற்கு மட்டும் மழை தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

கேக் விஷயத்தில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். பட்டர் கிரீம் பூசிய கேக், மின்விசிறி மட்டும் ஓடும் கூடத்தில் வழிய ஆரம்பித்துவிடும். உலர்பழக் கேக் இந்த ஊருக்கென்றே செய்தது போல நிற்கும். கறி, கோழி எல்லாம் 32 டிகிரிக்கு மேலான வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சூடு பண்ணி வையுங்கள். அப்புறம் எறும்பு. பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவது பழைய வழக்கம், பலனும் உண்டு. ஆனால் அந்தக் கிண்ணம் ஏடிஸ் கொசு முட்டையிடுகிற இடம். அது பரப்பும் டிங்கி (டெங்கு) காய்ச்சல் இந்த நாட்டில் விளையாட்டில்லை. வாரம் ஒரு முறையாவது தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு இத்தனை பேர் என்று எண்ணி விருந்துக்கு அழைப்பது. கிறிஸ்தவ நண்பர்கள் அந்த நேரம் நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். இங்கே வழக்கம் 25ஆம் தேதி திறந்த இல்ல உபசரிப்பு: காலையிலிருந்து வருவார்கள், போவார்கள், பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். எத்தனை பேர் என்று கேட்பது அழகில்லை. பிள்ளைகளுக்கு அங்பாவ், அதாவது அன்பளிப்புப் பணம் வைத்த உறைகள், தயாராக இருக்கட்டும்.

வருகிறவர்களில் இந்துக்களே அதிகம் இருக்கலாம். கிறிஸ்துமஸ் எப்போதும் மார்கழியில்தான் விழுகிறது. பல வீடுகளில் அந்த மாதம் முழுக்கச் சைவம், சில வீடுகளில் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். ஒரு பொரியலும் ரசமும் செய்து சைவம் வைத்தாயிற்று என்று விட்டுவிட வேண்டாம். வயிறார ஒரு சைவச் சாப்பாடு, தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு இருக்க வேண்டும். மாட்டிறைச்சியை அன்றைக்கு மறந்துவிடுங்கள். முஸ்லிம்களான மலாய் நண்பர்களை அழைத்திருந்தால் வீட்டுச் சமையலில் பன்றி இறைச்சி இல்லை என்று சொல்வது மட்டும் போதாது. ஹலால் சமையல்காரரிடம் உணவு எடுத்து, காகிதத் தட்டில் பரிமாறினால் அவர்கள் தயக்கமில்லாமல் உட்காருவார்கள். ரம் ஊற்றிய கேக்கை அந்த மேசையில் வைக்கவே கூடாது.

ஊரிலிருக்கும் பெற்றோரை வீடியோவில் அழைக்கும்போது மணியைப் பாருங்கள். லண்டன் எட்டு மணி நேரம் பின்னால், டொரோண்டோ பதின்மூன்று. இங்கே 25ஆம் தேதி காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டால் டொரோண்டோவில் முந்தின நாள் இரவு எட்டு, விழித்திருப்பார்கள். லண்டனில் அப்போது விடியற்காலை ஒரு மணி. லண்டனில் இருப்பவர்களை இங்கே மாலை நான்கு மணிக்கு மேல் கூப்பிடுங்கள்.