சாயம் பூசாத கறுப்புக் கலம்: வஹாக்கா முறையில் செய்வது எப்படி?

மெக்சிக்கோவின் தெற்கே, வஹாக்கா மாநிலத்திலுள்ள சான் பார்த்தோலோ கொயோத்தெபெக் என்னும் ஊரில் செய்யப்படும் ‘பார்ரோ நெக்ரோ’ (கருங்களிமண்) கலங்களில் சாயமும் இல்லை, கண்ணாடிப் பூச்சும் இல்லை. அவற்றின் கறுப்பு சூளையிலும், மினுக்கம் கல்லிலும் பிறக்கின்றன. அப்பகுதியின் பண்டைய நகரமான மோன்ட்டே அல்பான் செழித்திருந்த காலத்திலேயே, அங்குள்ள பூர்வகுடியினரான சபோட்டெக் மக்கள் சாம்பல்நிறக் கலங்களை வனைந்து வந்தனர். பின்னாளில் இவ்வூர்க் குடங்களில் மெஸ்கால் மது நிரப்பி எடுத்துச் செல்லப்பட்டது. மங்கலாக இருந்த அக்கலங்கள் பளபளக்கத் தொடங்கியது 1950களில், ‘தோன்யா ரோசா’ எனப்படும் ரோசா ரியால் என்பவரின் கைப்பக்குவத்தால்தான்.

படி 1: களிமண்ணைக் கரைத்து, சலித்து, நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள்.

படி 2: ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகின்மேல் இன்னொரு தட்டை நிமிர்த்தி வையுங்கள். மேல்தட்டில் மண்ணை வைத்துக் கையால் சுழற்றியபடியே வனைய வேண்டும். கொயோத்தெபெக் குயவர்கள் திரிகைக்குப் பதிலாகப் பயன்படுத்துவது இதைத்தான். முதல் கலம் உள்ளங்கை அளவில் இருந்தால் போதும்.

படி 3: மெருகேற்றுவதற்குப் பருவம் முக்கியம். கலம் ஏறத்தாழ உலர்ந்து, விரல் பட்டால் பதியாமல், ஆனால் சற்றே குளிர்ச்சியாக இருக்கும்போது, லேசாக ஈரம் தொட்டு, வழவழப்பான வெங்கச்சங்கல்லால் ஒரே திசையில் தேய்க்க வேண்டும். ஈரம் மிகுந்தால் கல் மண்ணை உழுதுவிடும். முற்றிலும் காய்ந்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் கீறல்தான் மிஞ்சும். மண்ணின் நுண்தகடுகள் படுத்து ஒன்றோடொன்று நெருங்குவதால்தான் ஒளி தெறிக்கிறது. கரண்டியின் முதுகால் தேய்ப்பவர்களும் உண்டு. கழுத்து, விளிம்பு போன்ற வளைவுகளுக்குச் சிறு கல்லே ஏற்றது என்பது என் கருத்து.

படி 4: நிழலில் முழுமையாகக் காயவிடுங்கள். அவசரப்பட்டால் சூளையில் வெடிக்கும்.

படி 5: அவ்வூரில் பெரும்பாலும் விறகுச் சூளையை மூடியே சுடுகிறார்கள். சிறு அளவில் செய்பவர்கள், கலத்தை ஒரு பழைய சுட்ட பானைக்குள் மரத்தூளோடு வைத்து, மூடியின் விளிம்பை மணலும் சாம்பலும் கலந்த களிமண்ணால் பூசி, ஆவி வெளியேற ஊசித்துளை விட்டு, திறந்த வெளியில் விறகும் வரட்டியும் அடுக்கிச் சுடலாம். முதலில் இளந்தீ, பிறகு பெருந்தீ. துளையில் புகை அடங்கியதும், கம்பி முனையில் வைத்த களிமண்ணால் அதையும் அடைத்துவிடுங்கள். உள்ளே உயிர்வளி குறைவதால் மண்ணிலுள்ள சிவப்பு இரும்பு ஆக்சைடு கறுப்பு ஆக்சைடாக மாறுகிறது. கரியும் நுண்துளைகளில் படிகிறது. வெப்பம் மிக உயர்ந்தால் மினுக்கம் மங்கிவிடும். தோன்யா ரோசா குறைந்த வெப்பத்தில் சுட்டது இதனால்தான். அதற்கு விலையும் உண்டு: பழைய சாம்பல்நிறக் குடத்தின் உறுதி இதற்கு இல்லை, தண்ணீரும் கசியும். அழகுக்கு மட்டுமே வையுங்கள்.

பின்சேர்க்கை: இதன்படி செய்து பார்த்த சிலர், கலத்தில் பழுப்புத் திட்டுகள் விழுந்ததாக எழுதியிருந்தார்கள். சூடு ஆறுவதற்கு முன் மூடியைத் திறந்தாலோ, பூச்சு விரிசல் விட்டாலோ காற்று புகுந்து கரியை எரித்து, இரும்பை மீண்டும் சிவக்க வைத்துவிடும். பானையை வெறுங்கையால் தொட முடிகிற வரை திறக்காதீர்கள். திட்டு விழுந்த கலத்தை அதே முறையில் மறுபடி சுட்டால் பெரும்பாலும் கறுத்துவிடும்.