ஊருக்கு வெளியே சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊரைத் தாண்டி வயல் ஓரமாகக் கொஞ்ச தூரம் மிதித்து, ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வர ரொம்ப நாளாக ஆசை. ஆனால் நல்ல சைக்கிளாக ஒன்று வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறீர்கள். முதல் தவறே அதுதான். இதற்குப் பழைய சைக்கிளே தாராளமாகப் போதும். பழையது வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாமல் ஃபிரேமின் வெல்டிங் இணைப்புகளில் விரிசல் இருக்கிறதா, சக்கரத்தைச் சுழற்றினால் கோட்டம் தெரிகிறதா, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்தால் ஹேண்டில்பாருக்குக் கீழே ஆட்டம் கொடுக்கிறதா என்று பாருங்கள். டயர், பிரேக் கட்டை, செயின் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். ஃபிரேம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்தது சீட். இரண்டு காலும் தரையில் முழுசாக ஊன்ற வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம், அப்புறம் முட்டி வலிக்கிறது என்று சைக்கிளையே ஓரங்கட்டிவிடுகிறார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பீர்கள் இல்லையா, அப்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான உயரம். சீட் குழாயில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அது வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள்.

காற்று விஷயத்திலும் 'கல்லு மாதிரி இருந்தால்தான் ஓடும்' என்ற நினைப்பு பலருக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று என்று அச்சிட்டிருக்கும். மண் பாதைக்கு அந்த அளவுக்குள்ளேயே கொஞ்சம் குறைவாக வைத்தால் பிடிமானமும் கிடைக்கும், குலுங்கலும் குறையும். ரொம்பக் குறைந்தால் கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். ஒரே ஓட்டை என்றால் பெரும்பாலும் முள். ஆள் நடமாட்டம் இல்லாத பாதையில் மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகோல், சின்ன பம்ப் மூன்றும் இல்லாமல் போவது வீண் அவஸ்தை. டியூபை மாற்றும் முன் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்த்து முள்ளை எடுக்க மறந்தால், புது டியூபும் அங்கேயே போய்விடும்.

செயினைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், அமைதியைத் தேடிப் போகிறவரின் சைக்கிள் வழி நெடுக கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டு போவது எனக்குப் பொறுக்காது. சத்தம் வந்ததும் எண்ணெயைக் கொட்டுவது தவறு. அதிக எண்ணெயில் புழுதி ஒட்டி, அந்தக் கலவையே செயினையும் பல்சக்கரத்தையும் தேய்த்துவிடும். பழந்துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். சத்தமில்லாத சைக்கிளுக்குக் கொக்குகள்கூட அவ்வளவு சீக்கிரம் பறந்து போவதில்லை.

தூரத்தைத் துரத்தாதீர்கள். 10 கிலோமீட்டர் மிதித்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் அது நல்ல நாள். காற்று முதுகைத் தள்ளும் திசையில் உற்சாகமாகப் போய்விட்டு, களைத்துத் திரும்பும்போது எதிர்காற்றில் மாட்டிக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் எதிர்காற்றில் போங்கள், திரும்பும்போது காற்றே தள்ளிவிடும். விடியற்காலையில் பொதுவாகக் காற்று குறைவு, பறவைகளும் அப்போதுதான் அதிகம் பாடும். சரி, மாலையில்தான் முடியும் என்றால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். பிரதிபலிப்பான் மேல் வேறு வண்டியின் வெளிச்சம் பட்டால்தான் மின்னும், உங்களுக்கு வழி காட்டாது. நாய் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட, இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நடப்பது மேல். சிக்னல் இல்லாவிட்டாலும் கைபேசியின் ஜி.பி.எஸ். வேலை செய்யும், ஆனால் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு படம் எடுத்துவிட்டு இரண்டே நிமிடத்தில் கிளம்புவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. ஓர் ஆள் வந்து நின்றதும் சுற்றியிருக்கும் உயிர்கள் அடங்கிவிடும், அதைப் பார்த்து 'இங்கே ஒன்றுமே இல்லை' என்று நினைத்துவிடுகிறோம். காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டு, ஒரு கால் மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முதலில் பூச்சிகள் தொடங்கும். கொஞ்ச நேரத்தில், நீங்கள் சாய்ந்திருக்கும் அதே மரத்தில், இவ்வளவு நேரமும் வாய் திறக்காமல் இருந்த ஏதோ ஒரு பறவை கூப்பிடும்.