அமெரிக்கக் குடியுரிமையோடு ஊர் திரும்பியவர்கள் வரிக்கணக்கை எங்கே தொடங்குவது?

சென்னைக்கோ கோவைக்கோ நிரந்தரமாகத் திரும்பிவிட்டீர்கள், கையில் அமெரிக்க பாஸ்போர்ட் இருக்கிறது என்றால், சம்பளம் முழுக்க இங்கேயே வந்தாலும் வருடாவருடம் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்டித்தான் ஆக வேண்டும். திருப்பிக் கொடுக்காத கிரீன் கார்டுக்கும் இதேதான். இப்படிக் குடியுரிமையைப் பார்த்து வரி கேட்பது அமெரிக்காவும் எரித்திரியாவும்தான். வாழ்கிற ஊருக்கு வரி கட்டுவதுதான் நியாயம், இந்தச் சட்டம் மாற வேண்டும். ஆனால் மாறும்வரை சும்மா இருக்க முடியாது. 2015இல் இந்தியா கையெழுத்திட்ட ஃபட்கா ஒப்பந்தப்படி நம் வங்கி விவரம் வருமானவரித் துறை வழியாக அங்கே போய்விடுகிறது.

முதலில் எஃப்பார், அதாவது அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கி, நிதிக் கணக்குகளைப் பற்றி அமெரிக்க அரசுக்குத் தரும் அறிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள எல்லாக் கணக்குகளும் சேர்ந்து வருடத்தில் ஒருநாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் போதும், தாக்கல் செய்ய வேண்டும். இதில் வரி இல்லை, கட்டணமும் இல்லை, ஆன்லைனில் நாமே செய்யலாம். ஒவ்வொரு கணக்கிலும் அந்த வருடம் இருந்த அதிகபட்சத் தொகையை எடுத்து, அமெரிக்கக் கருவூலத்தின் டிசம்பர் 31 மாற்று விகிதத்தில் டாலராக்குங்கள். அம்மாவின் எஃப்டியில் ஜாயின்ட்டாக உங்கள் பெயர் இருந்தால், பணம் அம்மாவுடையதாக இருந்தாலும் முழுத் தொகையும் கணக்கில் வரும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். கெடு ஏப்ரல் 15, தவறினால் தானாகவே அக்டோபர் 15 வரை நீளும்.

அப்புறம் 1040, அதாவது அமெரிக்க வருமானவரி ரிட்டர்ன் படிவம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இதைத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு. அங்கே வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை என்பதால் வங்கியில் வட்டிக் கணக்கையும் அப்படியே கேட்டு வாங்குங்கள். இங்கே கட்டிய வரியை 1116 படிவத்தில் கழித்துக்கொள்ளலாம், சம்பளத்துக்குப் பெரும்பாலும் அங்கே கட்ட ஒன்றும் மிஞ்சாது. பிபிஎஃப் வட்டி அப்படியில்லை, இங்கே வரியே இல்லாததால் கழிக்கவும் ஒன்றுமில்லை.

அங்கே பிறந்த பேரப்பிள்ளை பெயரில் தாத்தா பாட்டி எஸ்ஐபி ஆரம்பிக்க நினைத்தால் தயவுசெய்து தடுங்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு அமெரிக்காவில் தனி விதி, கடுமையான வரி, ஃபண்டு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 8621 படிவம். பாசத்தில் போட்ட பணம் குழந்தைக்குத்தான் சுமையாகும்.

பல வருடங்களாக எதுவுமே செய்யவில்லையா? தெரியாமல் விட்டதுதான் என்றால் ஸ்ட்ரீம்லைன்ட் முறை இருக்கிறது: 3 வருட ரிட்டர்ன், 6 வருட எஃப்பார், பாக்கி வரியும் வட்டியும் கட்டினால் அபராதம் கிடையாது. அவர்களாக விசாரணை தொடங்கிவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும், அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.