சபையில் சூழல் பணி: மரக்கன்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் பழைய கேலி ஒன்று உண்டு. இதில் கோயிலைப் பற்றிய குறை, 1981இல் ஜலகண்டேசுவரர் கோயிலில் மீண்டும் வழிபாடு தொடங்கியதோடு தீர்ந்தது. ராஜா இனி வரப்போவதில்லை. எஞ்சியிருப்பவை ஆறும் மலையும்தான். அவற்றைப் பற்றி இப்போது நம் பிரசங்க பீடங்களிலும் பேச்சு எழுந்திருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையின் தலைமை மன்றமான சினாடில் சூழல் அக்கறைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் சூழலைப் பற்றி வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல் வாசிக்கப்படுகிறது. மேலிருந்து சுற்றறிக்கை வந்துவிடுகிறது. அது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரமான குருசேகரத்துக்குள் நுழையும்போது என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. குருசேகரக் கமிட்டியின் செயலாளர், வாலிபர் ஐக்கியத் தலைவர், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஆகியோரில் யாருடைய தலையில் இந்த வேலை வந்து விழுந்திருக்கிறதோ, அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சபை செய்த தவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதியை ஒட்டிய ஞாயிறன்று, ஆராதனை முடிந்த கையோடு நூறு கன்றுகள் நட்டோம். குழிகளை முந்தைய நாள் மாலையில்தான் தோண்டியிருந்தோம், அதுவும் ஓரடி ஆழத்துக்கு மேல் போகவில்லை. பச்சைச் சட்டை அணிந்து புகைப்படம் எடுத்துக்கொண்டோம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் எண்ணிப் பார்த்தபோது நான்கு கன்றுகள் நின்றன. அந்த நான்கும் ஆலய ஊழியர் குடியிருப்பின் குளியலறைத் தண்ணீர் ஓடும் வழியில் இருந்தவை. ஆடுகள் தின்றவை பாதி, வெயிலில் கருகியவை மீதி. கன்றுகள் போனதைவிட, தொடக்கத்திலேயே இதை விரும்பாதிருந்தவர்கள் அன்றிலிருந்து எந்தக் கூட்டத்திலும் அந்த நூறு கன்றுகளின் கணக்கைக் கேட்கத் தொடங்கியதுதான் பெரிய நஷ்டம்.

ஆகவே முதல் வேலை, எதிர்ப்பவர்களைப் பேசவிடுவது. இதற்கென்று ஒரு கூட்டத்தைத் தனியாகக் கூட்டுங்கள். அதில் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். எங்கள் கூட்டத்தில் எழுந்த ஒரு பெரியவர், "ஏம்ப்பா, ஆத்துமாவை விட்டுட்டு ஆத்து மணலைப் பத்திப் பேச ஆரம்பிச்சிட்டீங்களே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். ஆனால் அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஆத்தும ஆதாயமே சபையின் வேலை, மரம் நடுவது மாநகராட்சியின் வேலை என்பது அவருடைய உறுதியான எண்ணம். இன்னும் சிலர், பூமியும் அதிலுள்ள கிரியைகளும் எரிந்து அழிந்துபோகும் என்று 2 பேதுரு 3இல் எழுதியிருக்கும்போது அழியப்போவதற்கு எதற்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். வேறு சிலருக்கு இருப்பது அச்சம்: மரத்தையும் ஆற்றையும் கொண்டாடத் தொடங்கினால், தாத்தா காலத்தில் விட்டுவந்த வழிபாட்டுக்கே திரும்பிப் போய்விடுவோமோ என்ற அச்சம். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை விசுவாசிகளிடம் இது ஆழமாக இருக்கிறது. இதைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது மரியாதையும் ஆகாது, பயனும் தராது.

இவர்களுக்கு வேதத்திலிருந்தே பதில் சொல்லலாம். ஆனால் அளவாகச் சொல்ல வேண்டும். ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் பூமியைக் குறித்து மனிதனுக்குச் சொல்லப்படும் 'கீழ்ப்படுத்தி' என்ற சொல்லை அவர்கள் எடுத்தால், அடுத்த அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில் தோட்டத்தைப் 'பண்படுத்தவும் காக்கவும்' மனிதனை வைத்தார் என்று இருப்பதை வாசியுங்கள். பண்படுத்துவது என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, சபையில் பாதிப்பேர் கடலைக் கொல்லையில் களை எடுத்து வளர்ந்தவர்கள். முற்றுகைப் போரின்போதுகூடப் பழமரங்களை வெட்டாதே என்று உபாகமம் 20இல் இருப்பதும், ஏழாம் வருஷத்தில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லும் லேவியராகமம் 25உம் போதும். அதற்குமேல் வசனங்களை அடுக்கினால் கூட்டம் பட்டிமன்றமாகிவிடும். எங்கள் அனுபவத்தில் வசனத்தால் மனம் மாறியவர்கள் குறைவு, கிணற்றில் நீர் ஏறியதைப் பார்த்து மாறியவர்களே அதிகம்.

வெளியில் சொல்லப்படாத எதிர்ப்பு ஒன்று உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் உள்ள சபைகளில் எத்தனையோ குடும்பங்கள் தோல் பதனிடும் இடங்களிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை செய்துதான் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன. தோல் கழிவால் கெட்ட பாலாற்றின் கதை அவர்களுக்குத் தெரியாததல்ல. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் இருக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வைச் சுட்டியது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று உறுதி செய்ததும் அந்தத் தீர்ப்புதான். இதைச் சபையில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பீடத்தில் நின்று தொழிலையே பாவம் என்பதுபோல் பேசினால், காணிக்கைப் பையில் காசு போடும் கை கூசிப்போகும். அந்த வேலைக்குப் போகும் சபையாரையே முதலில் பேசச் சொல்லுங்கள். தொட்டியில் இறங்கி வேலை செய்பவர்களின் தோல் அரிப்பும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஓடும் நாளுக்கும் ஓடாத நாளுக்கும் உள்ள வேறுபாடும் அவர்கள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவரும். சூழல் பணியைச் சபை எடுத்துக்கொண்டால் அவர்களுடைய வேலைக்கு ஆபத்து வராது என்று வாக்களிக்காதீர்கள். அது உங்கள் கையில் இல்லை.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. குப்பையைப் பிரிப்பது, சாக்கடையைத் தூர்வாருவது, வளாகத்தைப் பெருக்குவது என்று வேலைகளைப் பங்கிடும்போது துடைப்பம் யாருடைய கைக்குப் போகிறது என்று பாருங்கள். எந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையிலிருந்து வெளியேறுவதற்காகவே பள்ளிக்கூடத்தையும் சபையையும் தேடி வந்தனவோ, அவர்களிடமே அதை 'சிருஷ்டிப்புப் பராமரிப்பு' என்ற புதுப் பெயரில் திருப்பிக் கொடுப்பது கொடுமை. எனவே முறைப்பட்டியல் எழுதுங்கள். முதல் வாரத்தில் ஆயர், கமிட்டி உறுப்பினர்கள், பாடகர் குழு ஆகியோரின் பெயர்கள் இருக்கட்டும்.

இவ்வளவு பேசிய பிறகு தொடங்க வேண்டியது மரத்தில் அல்ல, சபையார் ஒன்றாக உண்ணும் அன்பின் விருந்தில். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை நடக்கும் விருந்து முடிந்ததும் வளாகத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். பிளாஸ்டிக் பூசிய தட்டுகளும் குவளைகளும் பிரியாணி எச்சத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும், அவற்றை மாடு மென்றுகொண்டிருக்கும், மாலையில் யாராவது தீ வைப்பார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் இத்தகைய பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்திருக்கிறது. ஆலய வளாகத்துக்கு விலக்கு எதுவும் இல்லை. வாழையிலையோ மந்தார இலையோ வாங்குங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர்களைச் சபைச் சொத்தாக ஒருமுறை வாங்கிவிடுங்கள். ஞானஸ்நானம், திருமணம் என்று குடும்பங்கள் நன்றிக் காணிக்கை தர விரும்பும்போது இருபது டம்ளர் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, பெயர் பொறித்தே தருவார்கள். கழுவுவது யார் என்பதே இங்கு எழும் சண்டை. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஏற்கெனவே சமைத்து முடித்துக் களைத்திருப்பார்கள். கழுவும் வேலை ஆண்களுக்கு என்று முன்கூட்டியே அறிவிப்பில் வாசியுங்கள். எங்கள் சபையில் முதல் முறை ஆறு பேர் வந்தார்கள். இரண்டாம் முறை குழாயடியில் இடம் போதவில்லை, காரணம் அங்கேதான் அரட்டை நன்றாக இருந்தது. அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்குக் கொரோனா காலத்தில் புகுந்த சிறு பிளாஸ்டிக் கிண்ணங்களை மட்டும் அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அங்கே நோய்ப் பயமும் பக்தியும் கலந்திருக்கின்றன. ஆயர் வழியாக, கண்ணாடிக் கிண்ணங்களை வெந்நீரில் கழுவிக் காட்டிய பிறகு மாற்றுங்கள்.

அடுத்தது தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆலயக் கூரை 200 சதுர மீட்டர் என்றும், ஆண்டு மழை சுமாராக 900 மில்லிமீட்டர் என்றும் கொண்டால் 1,80,000 லிட்டர் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 1,44,000 லிட்டர் நிலத்துக்குப் போகும். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் கமிட்டியில் பேச்சு அடங்கிவிடும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயமாக இருப்பதால் உங்கள் ஆலயத்திலும் ஒரு குழி இருக்கும், பெரும்பாலும் அது தூர்ந்து கிடக்கும். புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைத் தோண்டி, கூழாங்கல்லையும் மணலையும் எடுத்துக் கழுவி, மீண்டும் நிரப்புவது மலிவு. பழைய ஓட்டுக் கூரை என்றால் முதல் மழைத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கப்படுகிறது. தோல் தொழில் நடக்கும் பகுதியாக இருந்தால் குரோமியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். முடிவு எப்படி வந்தாலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். மறைத்தீர்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் பிறகு எதையும் செய்ய முடியாது.

மரத்துக்கு இப்போது வரலாம். ஜூன் மாதத்தில் இங்கே வெயில் தணிந்திருப்பதில்லை. சுற்றுச்சூழல் ஞாயிறன்று குழி தோண்டுவதை மட்டும் ஆராதனையோடு சேர்த்துச் செய்யுங்கள். மூன்றடி ஆழம் தோண்டி, வேப்பஞ்சருகும் தொழுவுரமும் போட்டு ஆறவிட்டால், செப்டம்பரில் நடுவதற்குக் குழி பக்குவமாக இருக்கும். செப்டம்பர் 1ஆம் தேதியைப் படைப்புக்கான ஜெப நாளாகக் கான்ஸ்தாந்தினோப்பிளின் ஆர்த்தடாக்ஸ் முதுபெரும் தந்தை திமித்ரியோஸ் 1989இல் அறிவித்தார். அன்று தொடங்கி, அசிசி பிரான்சிஸின் திருநாளான அக்டோபர் 4 வரை பல சபைகள் படைப்பின் காலமாக அனுசரிக்கின்றன. நம் பக்கத்துக்கு அது மழையோடு பொருந்தி வருவது நல்வாய்ப்பு. நூறு வேண்டாம், பத்துக் கன்றுகள் போதும்: வேம்பு, புங்கன், நாவல், இலுப்பை, மகிழம். ஒவ்வொன்றையும் சபையின் முழு உறுப்பினராகும் திடப்படுத்தலுக்குப் படிக்கும் பிள்ளைகளில் இருவரிடம் ஒப்படையுங்கள். சீமைக்கருவேல முள்ளை வெட்டிச் சுற்றிலும் வேலி போட்டால் ஆடு நெருங்காது. அந்த மரம் செய்யும் ஒரே உபகாரம் அதுவாக இருக்கட்டும்.

இடம் இல்லை என்பவர்களிடம் கல்லறைத் தோட்டத்தைக் காட்டுங்கள். பல சபைகளுக்கு இருக்கும் மிகப் பெரிய திறந்த நிலம் அதுதான், ஆனால் சிமெண்டும் கிரானைட்டும் ஆண்டுக்கு ஆண்டு அதை மூடிக்கொண்டே போகின்றன. இங்கே சபையாரின் எதிர்வினை கடுமையாக இருக்கும். வேர் கல்லறையைப் பிளந்துவிடும் என்பார்கள், அது பொய்யுமல்ல. எனவே சுற்றுச்சுவர் ஓரமாகவும் நடைபாதை ஓரமாகவும் மட்டும் நடுங்கள். அருகில் உள்ள கல்லறைகளின் குடும்பத்தாரை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக் கேளுங்கள். எங்கள் சபையில் ஓர் அம்மா முடியவே முடியாது என்றார். மூன்று மாதம் கழித்து, கணவரின் கல்லறைக்கு வெயில் நேராக விழுகிறது, தலைமாட்டில் ஒரு மகிழம் வைத்துக் கொடுங்கள் என்று அவரே சொல்லி அனுப்பினார்.

மற்றவை சிறு வேலைகள். நற்செய்திக் கூட்டங்களுக்குத் தேதி போடாத துணிப் பதாகை ஒன்றை வைத்துக்கொண்டால் ஒவ்வோர் ஆண்டும் பிளெக்ஸ் அடிக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை இரவு 10 மணிக்கு நிறுத்துவது சட்டப்படியே கட்டாயம், ஒலியும் மாசுதான். சூரிய மின்தகடு போடுவதானால், ஞாயிறு காலை மூன்று மணி நேரம் மட்டும் மின்சாரம் செலவாகும் ஆலயத்தின் மேல் அல்ல, வாரம் முழுவதும் மின்விசிறி ஓடும் சபைப் பள்ளியின் மேல் போடுவதே லாபம். விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்தில் பூசணி, முருங்கைக்காயோடு நாற்றுகளையும் வையுங்கள். அந்தத் தொகையைச் சூழல் பணிக்கென்று தனித் தலைப்பில் வரவு வையுங்கள்.

கடைசியாக ஒரு நீளக் கணக்கு நோட்டு வாங்குங்கள். ஆர்வமுள்ள ஆயர் மாற்றலாகிப் போனதும் அவர் தொடங்கிய வேலையும் லாரி ஏறிவிடுவது நம் சபைகளில் வழக்கம். கிணற்றில் கயிறு விட்டு மாதந்தோறும் அளந்த நீர்மட்டம், ஒவ்வொரு கன்றின் இடமும் அதைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் பெயரும், டம்ளர்களின் எண்ணிக்கை, மோட்டார் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் யார் என்ன ஆட்சேபம் சொன்னார் என்பன அதில் இருக்க வேண்டும். செத்துப்போன கன்றுகளையும் எழுதுங்கள். புதிய ஆயர் பொறுப்பேற்கும் நாளில், ஞானஸ்நானப் பதிவேட்டோடும் திருமணப் பதிவேட்டோடும் சேர்த்து அந்த நோட்டிலும் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.