காமிக்ஸ் வாங்க ஆரம்பிக்கிறீர்களா?

நம் மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி, தமிழ் காமிக்ஸ் பலவும் அச்சாவது பக்கத்துச் சிவகாசியில்தான். 1972இல் முத்து காமிக்ஸ், 1984இல் லயன் காமிக்ஸ் என்று தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது போய், கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.

முதலில் ஒரே புத்தகத்தில் முடியும் கதையாக எடுங்கள். 'தொடரும்' என்று முடிந்தால் அடுத்த பாகத்துக்கு அலைய வேண்டிவரும். சிரிக்க லக்கி லூக், குதிரையும் துப்பாக்கியும் வேண்டுமென்றால் டெக்ஸ் வில்லர். சரி, சந்தா? நாலைந்து படித்துப் பிடித்த பிறகு கட்டினால் போதும்.

பழைய புத்தகக் கடையில் அட்டையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நான் மயங்கினேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து நடுத்தாளே இல்லை. நாலு பக்கம் போச்சு. வில்லன் துப்பாக்கியை நீட்டுகிறான், அடுத்த கட்டத்தில் ஹீரோ கப்பலில் நிற்கிறார்! காசு கொடுக்கும் முன் பக்க எண்களை எண்ணிவிடுங்கள். 'அபூர்வ இதழ்' என்று விலை ஏற்றினால், மறுபதிப்பு வந்திருக்கிறதா என்று விசாரியுங்கள். கதை மட்டும் போதுமென்றால் அதுதான் லாபம்.