ஆங்கிலச் சொல்லுக்கு வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வருடத்துக்கு இரண்டு முறையாவது அந்தப் பட்டியல் வந்துவிடும். 'எட்டு' என்பதிலிருந்து எய்ட் வந்தது, 'ஒன்று' என்பதிலிருந்து ஒன் வந்தது, 'தாக்கு' என்பதிலிருந்து அட்டாக், 'நாவாய்' என்பதிலிருந்து நேவி. கடைசியில், பத்துப் பேருக்காவது அனுப்புங்கள் என்று ஒரு வேண்டுகோள். அனுப்புகிற சித்தப்பாவுக்கு இருக்கும் மொழிப்பற்று எனக்கும் உண்டு. அதனால்தான் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. ஆங்கிலத்துக்குத் தமிழ் கொடுத்த சொற்கள் நிஜமாகவே இருக்கின்றன. இல்லாத பத்துச் சொற்களோடு அவற்றையும் கலந்து அனுப்பினால், இருப்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

காதை நம்பாதீர்கள்

இதுதான் முதல் தவறு, பெரிய தவறும் கூட. கேட்க ஒன்று போல இருந்தால் உறவு என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

'எட்டு' என்பதையே எடுத்துக்கொள்வோம். எண்பது, எண்ணூறு, எண்கோணம், எண்திசை. இவை எல்லாவற்றிலும் நிற்பது 'எண்'. அதுதான் அடிச்சொல். அதோடு 'து' சேர்ந்து, நாளடைவில் 'எட்டு' ஆனது. கன்னடத்தில் 'எண்டு' என்கிறார்கள், தெலுங்கில் 'எனிமிதி'. மூக்கொலி அங்கெல்லாம் பத்திரமாக இருக்கிறது. நம்மிடம் எண்பதில் ஒளிந்திருக்கிறது.

இப்போது ஆங்கில எய்ட். அதை எழுதும்போது நடுவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்து வரும், வாயில் வராது. பள்ளியில் இதற்காக எத்தனை பேர் அடி வாங்கியிருப்போம்! அந்த எழுத்துகள் வீணுக்கு நிற்கவில்லை. ஆயிரம் வருடங்களுக்கு முன்பு அங்கே தொண்டையிலிருந்து வரும் ஒரு ஒலி இருந்தது. நம் ஆய்தத்தை அழுத்திச் சொன்னால் எப்படி இருக்கும், ஏறக்குறைய அப்படி. ஜெர்மன்காரர்கள் இன்றும் எட்டை 'அஃட்' என்றுதான் சொல்கிறார்கள். இன்னும் பின்னே போனால் லத்தீனில் 'ஓக்டோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆக, காலத்தில் பின்னோக்கிப் போகப் போக நம் எட்டு 'எண்' பக்கம் போகிறது, அவர்கள் எய்ட் 'ஓக்டோ' பக்கம் போகிறது. இரண்டும் இன்று பக்கத்தில் வந்து நிற்பது தற்செயல்.

ஒன் கதையும் அப்படியே. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. ஜெர்மனில் 'ஐன்', லத்தீனில் 'ஊனுஸ்'. உதட்டைக் குவித்துத் தொடங்குகிற அந்த வகர ஒலி இடைக்காலத்தின் பிற்பகுதியில், வட்டார வழக்கில் இருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 'அலோன்', 'ஓன்லி' என்ற சொற்களுக்குள்ளும் இதே 'ஒன்'தான் இருக்கிறது. அவற்றில் வகரம் ஒட்டவில்லை. அட்டாக், இத்தாலியிலிருந்து பிரெஞ்சு வழியாக 1600 வாக்கில் ஆங்கிலத்துக்குப் போனது. நேவி, கப்பலைக் குறிக்கும் 'நாவிஸ்' என்ற லத்தீன் சொல்லின் பேத்தி.

தற்செயல் இவ்வளவு தூரம் போகுமா என்று கேட்கலாம். போகும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபாரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. ஆங்கிலேயரிடம் வாங்கியதல்ல. பக்கத்து மொழிகளில் 'குடக' என்று இருக்கும் சொல், ம்பபாரத்தின் ஒலி மாற்றங்களில் தேய்ந்து அப்படி வந்து நின்றது என்று மொழியியலாளர் ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் காட்டியிருக்கிறார். பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது, ஆங்கிலத்தில் 'பேட்' என்றாலும் கெட்டது. ஒலி, பொருள் இரண்டும் ஒத்துப்போகின்றன, உறவு மட்டும் கிடையாது.

பின் உறவை எப்படித்தான் கண்டுபிடிப்பது? ஒரு ஜோடி போதாது, வரிசை வேண்டும். லத்தீனில் ப வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் ஃப வருகிறது: தகப்பனுக்கு 'பாட்டெர்', ஃபாதர், மீனுக்கு 'பிஸ்கிஸ்', ஃபிஷ், காலுக்கு 'பேஸ்', ஃபுட். லத்தீனின் த இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தில் நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் ஒலி வருகிறது. மூன்றுக்கு 'த்ரேஸ்', த்ரீ. 1822-இல் ஜெர்மன் மொழியியலாளர் ஜேக்கப் கிரிம் இந்த ஒழுங்கை விதியாக எழுதி வைத்தார். சும்மா கேட்டால் 'பேஸ்' என்பதும் 'ஃபுட்' என்பதும் ஒத்தே போகாது, ஆனால் அவை ரத்த உறவு. 'எட்டு'ம் 'எய்ட்'டும் ஒத்துப்போகின்றன, ஆனால் உறவில்லை. காது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

போன வழியைப் பார்க்காமல் பெருமைப்படாதீர்கள்

சரி, உண்மையாகப் போன தமிழ்ச் சொற்களுக்கு வருவோம். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆனது, கறி 'கரி' ஆனது. இவை போனதற்குக் கையில் ஆவணம் இருக்கிறது. வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி சோழமண்டலக் கரையில் பார்த்த கட்டுமரத்தைப் பற்றி 1697-இல் அச்சில் எழுதிவிட்டார். ஹன்னா கிளாஸ் என்ற பெண்மணியின் ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் 1747-லேயே கறி செய்முறை இருக்கிறது.

இங்கேயும் அவசரப்படக் கூடாது. இன்று கடற்கரை விடுதிகளில் பார்க்கும் கேட்டமரான், இரண்டு ஓடுகளை, அதாவது படகின் அடிக்கூடுகளை, இணைத்துக் கட்டிய பாய்மரப் படகு. நம் கட்டுமரம், மரத்துண்டுகளைச் சேர்த்துக் கயிற்றால் இறுகக் கட்டியது. இரட்டை ஓட்டுப் படகு பசிபிக் தீவுக்காரர்களின் கைவண்ணம். பெயர் மட்டும் நம்முடையது. பெயர் போனதால் தொழில்நுட்பமும் போனது என்று எழுதுகிறவர்கள், பாலினேசியர்களின் உழைப்பைத் தெரியாமல் பறித்துக்கொள்கிறார்கள்.

கறி விஷயத்தில் தவறு எதிர்ப்பக்கத்தில் நடக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் சமையலுக்கு 'கியூரி' என்று ஒரு சொல் இருந்தது, பிரெஞ்சிலிருந்து வந்தது. அதைக் காட்டி, கறி என்பது ஆங்கிலேயர்களின் சொந்தச் சொல்தான் என்று சிலர் வாதாடுகிறார்கள். அதுவும் காதை நம்பிச் செய்த அதே தவறு. நம் கறி, போர்ச்சுகீசியர் வாயில் 'கரில்' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் நின்ற போர்ச்சுகீசியரை மறந்தால் பல சொற்களின் வழி புரியாது. மாங்காய் 'மேங்கோ' ஆனதும், தேக்கு 'டீக்' ஆனதும் அவர்கள் வழியாகத்தான். அந்த இரண்டு சொற்களும் மலையாளத்திலும் உண்டு. போர்ச்சுகீசியர் 1498-இல் முதலில் வந்து இறங்கியதும் மலபார் கரையில். அதனால் அவற்றுக்கு முழு உரிமை கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது காசின் கதை. கேஷ் என்பது காசிலிருந்து வந்தது என்றால் பாதி சரி. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டலில் இரண்டு கேஷ் இருக்கின்றன. கடையில் 'கேஷா, கார்டா' என்று கேட்கிறார்களே, அது பிரெஞ்சிலும் இத்தாலியிலும் பணப்பெட்டியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. முதலில் பெட்டி, அப்புறம் பெட்டிக்குள் இருந்த பணம். இன்னொரு கேஷ், ஐரோப்பிய வணிகர்கள் தென்னிந்தியாவிலும் சீனாவிலும் கண்ட சின்ன நாணயத்துக்கு வைத்த பெயர். அது நம் காசேதான். மதராஸில் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நடுவில் சதுரத் துளை போட்ட பழைய சீன நாணயத்தை, நாணயம் சேகரிக்கிறவர்கள் இன்றும் ஆங்கிலத்தில் கேஷ் என்றே சொல்கிறார்கள். சீனாக்காசுக்குத் தமிழ்ப் பெயர்! இவ்வளவு அழகான உண்மை இருக்கும்போது, கடைக் கேஷையும் நாமே வைத்துக்கொள்ள வேண்டிய தேவை என்ன?

முதலெழுத்துக் கதைகளை ஒதுக்குங்கள்

நியூஸ் என்றால் நான்கு திசைகளின் ஆங்கில முதலெழுத்துகள் என்று ஆறாம் வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அது தவறு. 'நியூ' என்பதோடு பன்மை விகுதி சேர்ந்தது, அவ்வளவுதான். புதியவை என்று பொருள். பகட்டைக் குறிக்கும் 'பாஷ்' என்ற சொல், இந்தியாவுக்குக் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள் 'போகும்போது இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம்' என்று வெயில் படாத பக்கத்து அறை கேட்டு, அதன் ஆங்கில முதலெழுத்துகளால் வந்தது என்ற கதைக்கும் ஒரு பயணச்சீட்டுகூடச் சான்றாகக் கிடைக்கவில்லை. ஹோட்டலில் வைக்கும் டிப்ஸுக்குச் சொல்லும் விரிவாக்கமும் பின்னால் கட்டியது.

இதில் ஒரு எளிய சோதனை இருக்கிறது. முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரே சொல்லாக உச்சரிக்கும் பழக்கம் பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. ரேடார், லேசர் எல்லாம் அப்படி வந்தவை. அதைவிடப் பழைய சொல்லுக்கு யாராவது விரிவாக்கம் சொன்னால் சந்தேகப்படுங்கள்.

இதற்குப் பங்காளி, சொல்லைக் கண்ட இடத்தில் வெட்டுவது. ஹாம்பர்கரில் ஹாம், அதாவது பன்றி இறைச்சி, இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம்தான் இருக்கிறது. கட்லெட்டில் வெட்டும் 'கட்' இல்லை. விலா எலும்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் இருக்கிறது. ரோமானிய வீரர்களுக்கு உப்பை அளந்து கூலி கொடுத்ததால் 'சாலரி' என்பதும் பலர் சொல்வது. அந்தச் சொல்லின் அடியில் உப்பு இருப்பது உண்மை, ஆனால் உப்பையே கூலியாக அளந்ததற்குச் சான்று இல்லை. நம் ஊரில் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து 'சம்பளம்' என்று இதே கதைக்கு இன்னொரு வடிவம் உண்டு. கன்னடத்திலும் தெலுங்கிலும் இதே சொல் இருக்கிறது, வடமொழியில் வழிச்செலவுக்கான கட்டுச்சோற்றுக்கு 'சம்பல' என்பார்கள் என்பதையும் பார்த்துவிட்டு அந்தக் கதையை நம்புவதா என்று முடிவு செய்யுங்கள்.

பழைய பொருள்தான் சரியான பொருள் என்று அடம்பிடிக்காதீர்கள்

'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு ஒன்றும் தெரியாதவன் என்று பொருள். ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் முட்டாளைத்தான் குறித்தது. 'சில்லி' நேர்மாறாகப் போனது. அன்று ஆசி பெற்றவன், இன்று அசடு. 'கேர்ள்' ஒரு காலத்தில் ஆண், பெண் எந்தக் குழந்தைக்கும் பொது. இதை நமக்கு விளக்கவே வேண்டியதில்லை. பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் மணம். அதற்காக இன்று பூக்கடையில் போய், மல்லிகை நல்ல நாற்றம் என்று சொல்ல முடியுமா? வேர் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்றுதான் காட்டும். இன்று எப்படிப் பேச வேண்டும் என்று அது கட்டளை போடாது.

எழுத்துக்கூட்டலையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். 'ஐலண்ட்' என்ற சொல்லை எழுதும்போது ஒலிக்காத ஒரு எஸ் வருகிறது. அதைப் பார்த்து, தீவுக்கான 'இன்சுலா' என்ற லத்தீன் சொல்லின் வாரிசு என்று நினைப்போம். அது பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், எஸ் இல்லாமலேயே இருந்தது. 'ஐல்' என்ற வேறொரு சொல்லைப் பார்த்து, படித்தவர்கள் இதற்கும் ஒரு எஸ் போட்டுவிட்டார்கள். அந்தப் பிழையை இன்று உலகமே சரியென்று எழுதுகிறது.

சொற்களை எண்ணித் தாயைத் தீர்மானிக்காதீர்கள்

ஆங்கில அகராதியில் பாதிக்கு மேல் லத்தீனும் பிரெஞ்சும்தான். அதை வைத்து ஆங்கிலம் லத்தீனின் மகள் என்று சொல்லிவிடுகிறார்கள். 1066-இல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், சமையலறை எல்லா இடத்திலும் பிரெஞ்சுச் சொற்கள் புகுந்தன என்பது சரிதான். ஆனால் வீட்டுக்குள் போய்க் கேளுங்கள். தண்ணீர், சாப்பிடு, தூங்கு, அம்மா, வீடு, நான், நீ, இது, அது, உள்ளே, மேலே. இவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பழைய ஜெர்மானியக் கிளையைச் சேர்ந்தவை. அதிகம் புழங்கும் முதல் நூறு ஆங்கிலச் சொற்களை எடுத்தால் ஏறக்குறைய எல்லாமே அந்த வீட்டுச் சொற்கள்தான். 'தே', 'தெம்' போன்ற சில மட்டும் கடல் தாண்டி வந்த வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. அந்த மொழியும் ஜெர்மானியக் கிளைதான்.

அப்புறம் ஷேக்ஸ்பியர். அவர் 1,700 சொற்களை உருவாக்கினார் என்று ஒரு எண் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆக்ஸ்போர்டு அகராதி 1884-இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928-இல் முடிந்தது. ஒவ்வொரு சொல்லும் முதன்முதலில் எங்கே எழுதப்பட்டது என்று தொண்டர்கள் புத்தகங்களைப் படித்துச் சீட்டு எழுதி அனுப்பினார்கள். எல்லார் கையிலும் ஷேக்ஸ்பியர் இருந்தார். மற்றப் பழைய ஏடுகள் கிடைப்பது அரிது. அதனால் அவர் பெயர் முதலில் நின்றது. இப்போது பழைய நூல்கள் கணினியில் தேடக் கிடைப்பதால், அவருக்கு முன்பே அந்தச் சொற்களில் பலவற்றை வேறு யாரோ எழுதியிருப்பது தெரியவருகிறது. அவர் மேதை என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. முதலில் எழுத்தில் கிடைப்பது வேறு, முதலில் உருவாக்கியது வேறு.

அடுத்த முறை பட்டியல் வந்தால் அனுப்புவதற்கு முன் இரண்டு இடங்களில் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு நல்ல சொற்பிறப்பு அகராதி. அதில் முதல் பதிவின் வருடத்தையும், எந்தெந்த மொழி வழியாக வந்தது என்பதையும் படியுங்கள். தமிழ்ச் சொல்லுக்கு பரோ, எமனோ இருவரும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி. 1984-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் எட்டைத் தேடிப் பாருங்கள். தமிழுக்குப் பக்கத்திலேயே நீலகிரியின் தோடர்களும் கோத்தர்களும் எட்டை எப்படிச் சொல்கிறார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கும். லண்டனில் தேடிய உறவுக்காரர்கள் ஊட்டியில் இருக்கிறார்கள்.